மின் ஆவணங்களைக் கணிப்பொறியில் பெறுதலும் படித்தலும்

தரமான விதை வீட்டில் இருந்தாலும் பருவத்தில் கைக்குக் கிடைக்காவிட்டால் அதனால் பயன் இல்லை. ஆவணமும் அப்படித்தான். தேவைப்படும் நாளில் அது கையில் இருக்க வேண்டும். இருப்பது சரியானதாகவும் இருக்க வேண்டும். பட்டா, புலப்படம், வில்லங்க விவரம், பயிர்க் காப்பீட்டு ரசீது, பயிர் உற்பத்திக் கையேடு போன்ற உழவர்களுக்கு இன்றியமையாத ஆவணங்கள் பலவும் இப்பொழுது மின் வடிவில் கிடைக்கின்றன. தாலுகா அலுவலகத்துக்கு இரண்டு நடை நடக்க வேண்டிய வேலையை வீட்டுக் கணிப்பொறியிலோ, பக்கத்து ஊர் இ-சேவை மையத்திலோ சில நிமிடங்களில் முடித்துக்கொள்ள இயலும்.

ஆயினும் உழவர் பலர் ஆவணத்தைத் திரையில் பார்த்துவிட்டு, அது தம்மிடம் இருப்பதாக எண்ணிக்கொள்கின்றனர். காப்பீட்டுக்குக் கடைசி நாளன்று தேடினால் கோப்பு கிடைப்பதில்லை. அல்லது சென்ற ஆண்டுக் கோப்பு வந்து நிற்கிறது. வேறு சிலர் கையேட்டில் உள்ள அட்டவணையை அவசரத்தில் தவறாகப் படித்து உரத்தையும் மருந்தையும் மிகுதியாக இட்டுவிடுகின்றனர். இவ்விரு இழப்புகளையும் தவிர்க்கும் முறைகள் இக்கட்டுரையில் படிப்படியாக விளக்கப்பட்டுள்ளன.

மின் ஆவணம் என்பது யாது?

அச்சிட்ட பக்கம் எப்படித் தோன்றுமோ அப்படியே கணிப்பொறியில் தோன்றுமாறு அமைக்கப்பட்ட கோப்புக்குப் பி.டி.எப். கோப்பு என்று பெயர். அடோபி நிறுவனம் 1993ஆம் ஆண்டில் இம்முறையை வெளியிட்டது. 2008ஆம் ஆண்டில் இது உலகத் தர நிர்ணய அமைப்பின் பொதுத் தரமாக ஏற்கப்பட்டது. எந்தக் கணிப்பொறியில் திறந்தாலும் எழுத்தும், கோடும், அட்டவணையும் இடம் மாறாமல் இருப்பதே இதன் சிறப்பு. அரசு அலுவலகங்கள் ஆவணங்களை இவ்வடிவில் தருவதற்கு இதுவே காரணம்.

இக்கோப்பைத் திறப்பதற்குப் பணம் கொடுத்து மென்பொருள் வாங்கத் தேவையில்லை. இணையத்தைப் பார்க்கப் பயன்படுத்தும் குரோம், எட்ஜ், பயர்பாக்ஸ் ஆகிய உலாவிகளே இதைத் திறந்து காட்டும். அடோபி நிறுவனத்தின் ரீடர் என்னும் மென்பொருளும் இலவசமாகக் கிடைக்கிறது.

சரியான தளத்தை அறிதல்

விதையை நம்பிக்கையான இடத்தில் வாங்குவது போல ஆவணத்தையும் உரிய தளத்திலிருந்தே எடுக்க வேண்டும். தேடுபொறியில் 'பட்டா' என்று தட்டினால் பல முகவரிகள் வரிசையாக வரும். முதலில் வருவது அரசுத் தளமாகத்தான் இருக்கும் என்று கொள்ளக் கூடாது. விளம்பரமாகப் பணம் கட்டியவர்களின் முகவரியும் மேலே வருவதுண்டு.

அரசுத் தளத்தின் முகவரி 'ஜி.ஓ.வி. டாட் இன்' என்று முடியும். வேளாண்மைப் பல்கலைக்கழகம் போன்ற கல்வி நிறுவனங்களின் முகவரி 'ஏ.சி. டாட் இன்' என்று முடியும். முகவரியில் சாய்கோடு முதன்முதலில் வரும் இடத்தைக் கண்டு, அதற்கு நேர் முன்னால் உள்ள பகுதியைப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை இதில் கணக்கில் சேர்க்க வேண்டாம். நடுவில் 'ஜி.ஓ.வி.' என்று இருந்து, முடிவில் வேறு எழுத்துகள் இருந்தால் அது அரசுத் தளம் அன்று.

நில ஆவணங்களுக்குரிய தமிழக அரசின் தளம் 'இசர்வீசஸ் டாட் டி.என். டாட் ஜி.ஓ.வி. டாட் இன்' என்பதாகும். வில்லங்க விவரம் பதிவுத் துறையின் தளத்தில் கிடைக்கும். இம்முகவரிகளை ஒரு முறை சரியாகக் கண்டறிந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு தடவையும் தேடும் தொல்லை இராது.

பார்ப்பது வேறு, எடுத்து வைப்பது வேறு

கோப்பின் பெயர் மீது மவுஸை வைத்து அழுத்தினால் பெரும்பாலும் அது உலாவியிலேயே திறந்து திரையில் தெரியும். இந்நிலையில் ஆவணம் உங்களிடம் வந்து சேர்ந்துவிட்டதாகக் கருதக் கூடாது. பக்கத்தை மூடினால் அது போய்விடும். இணைப்பு இல்லாத நேரத்தில் அதை மீண்டும் பார்க்கவும் இயலாது.

ஆவணத்தை உங்களுடையதாக ஆக்கிக்கொள்வதே டவுன்லோடு செய்தல் ஆகும். திரையின் மேற்புறம் வலப்பக்கத்தில் கீழ்நோக்கிய அம்புக்குறி ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் கோப்பு உங்கள் கணிப்பொறிக்குள் இறங்கும். அம்புக்குறி தென்படாவிட்டால் விசைப்பலகையில் 'கண்ட்ரோல்' விசையை அழுத்திக்கொண்டு 'எஸ்' விசையைத் தட்டலாம்.

இறங்கிய கோப்பு, நீங்கள் வேறு இடம் சொல்லாதவரை, 'டவுன்லோட்ஸ்' என்னும் அறையில் போய்ச் சேரும். எங்கே போயிற்று என்று தெரியாவிட்டால் 'கண்ட்ரோல்' விசையுடன் 'ஜே' விசையைத் தட்டினால் அதுவரை இறக்கிய கோப்புகளின் பட்டியல் தோன்றும். கோப்பு முழுவதும் இறங்குவதற்குள் இணைப்பு அறுந்துவிட்டால் அது திறவாது. அப்பொழுது அரைகுறைக் கோப்பை நீக்கிவிட்டு மீண்டும் இறக்க வேண்டும்.

இறக்கிய உடனே இணைப்பைத் துண்டித்துவிட்டுக் கோப்பைத் திறந்து பாருங்கள். அப்பொழுதும் எல்லாப் பக்கங்களும் தெரிந்தால் ஆவணம் உங்கள் கைக்கு வந்துவிட்டது என்று உறுதி கொள்ளலாம்.

பெயரிட்டுச் சேமித்தல்

எந்த மூட்டையில் எந்த இரக விதை இருக்கிறது என்று சீட்டுக் கட்டாமல் அடுக்கி வைத்தால் விதைப்பு நாளில் குழப்பம் நேரும். கோப்புக்கும் இது பொருந்தும். ஒரே ஆவணத்தை மூன்று முறை இறக்கினால் கணிப்பொறி அதே பெயருக்குப் பின்னால் 1, 2 என்று எண் சேர்த்து வைத்துக்கொள்ளும். நாளடைவில் எது புதியது, எது பழையது என்று தெரியாமல் போகும்.

எனவே இறக்கியவுடன் கோப்பின் பெயரை மாற்றி விடுங்கள். ஆவணத்தின் பெயர், சர்வே எண், எடுத்த தேதி ஆகிய மூன்றும் பெயரில் இருக்க வேண்டும். கோப்பின் பெயரில் சாய்கோடு இட இயலாது. ஆகவே 112/3 என்னும் சர்வே எண்ணை 112-3 என்று எழுதிக்கொள்ளலாம். பின்னர் நிலம், வங்கி, காப்பீடு, சாகுபடி என்று நான்கு அறைகள் அமைத்து, உரிய அறையில் கோப்பை வையுங்கள். ஒரு படியைப் பென் டிரைவிலும் வைத்துக்கொண்டால் கணிப்பொறி பழுதுபட்டாலும் ஆவணம் தப்பும்.

கடவுச்சொல் கேட்டால் செய்ய வேண்டியவை

சில கோப்புகளைத் திறக்கும்போது கடவுச்சொல் கேட்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணிப் பலர் அங்கேயே நின்றுவிடுகின்றனர். ஆதார் மின் நகலுக்கு, ஆதாரில் ஆங்கிலத்தில் உள்ள பெயரின் முதல் நான்கு எழுத்துகளைப் பெரிய எழுத்தில் தட்டி, அதை ஒட்டிப் பிறந்த ஆண்டை நான்கு இலக்கத்தில் தட்ட வேண்டும். நடுவில் இடைவெளி விடக் கூடாது. பெயர் முன்னெழுத்துடனும் புள்ளியுடனும் தொடங்கினால் அந்தப் புள்ளியும் ஓர் எழுத்தாகவே கணக்கிடப்படும். வங்கிக் கணக்கு அறிக்கைக்கு உரிய கடவுச்சொல் முறை, அது வந்த மின்னஞ்சலிலேயே பெரும்பாலும் விளக்கப்பட்டிருக்கும்.

எடுத்துக்காட்டு: பட்டாவும் புலப்படமும்

பட்டா எடுக்க விரும்பும் உழவர், மேலே கூறிய அரசுத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து, பட்டா எண்ணையோ, சர்வே எண்ணையும் உட்பிரிவு எண்ணையுமோ தர வேண்டும். தளம் கைபேசி எண்ணைக் கேட்டால் உங்கள் சொந்த எண்ணையே கொடுங்கள். பிறகு பட்டா திரையில் தோன்றும். அதை இறக்கிப் பெயரிட்டு வைத்தபின் கீழ்க்கண்டவற்றைச் சரிபார்ப்பது அவசியம்.

முதலாவது, உரிமையாளர் பெயரும் தந்தை அல்லது கணவர் பெயரும். தந்தை காலமான பின்னும் அவர் பெயரிலேயே பட்டா இருந்தால் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். கடன் கேட்கப் போகும் நாளில் இதைக் கண்டுபிடிப்பதைவிட முன்னரே அறிவது நன்று.

இரண்டாவது, உட்பிரிவு எண். 112/3 வேறு, 112/3ஏ வேறு. ஓர் எழுத்து விடுபட்டாலும் அது வேறொருவர் நிலத்தைக் குறிக்கலாம்.

மூன்றாவது, பரப்பு. பட்டாவில் பரப்பு எக்டர், ஏர் கணக்கில் தரப்பட்டிருக்கும். 100 ஏர் கொண்டது 1 எக்டர். ஏறத்தாழ 40.5 ஏர் கொண்டது 1 ஏக்கர். ஆகவே 0 எக்டர் 81 ஏர் என்று இருந்தால் அது 2 ஏக்கர் என்று அறியலாம். காப்பீட்டுப் படிவத்தில் ஏக்கர் கேட்கும் இடத்தில் ஏர் கணக்கை எழுதிவிடக் கூடாது.

நான்காவது, பட்டாவின் அடியில் உள்ள குறிப்பு எண்ணும் கட்டம்கட்டமான கியூ.ஆர். குறியும். இவற்றைக் கொண்டு ஆவணம் உண்மையானதா என்று யாரும் அரசுத் தளத்தில் சரிபார்க்க இயலும். அச்சிடும்போது இப்பகுதி விடுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மின் கையொப்பம் இட்ட சில ஆவணங்களில் கையொப்பத்தின் மேல் மஞ்சள் நிறக் கேள்விக்குறி தெரியும். இதைக் கண்டு அஞ்ச வேண்டாம். கையொப்பத்தை உங்கள் கணிப்பொறி இன்னும் சரிபார்க்கவில்லை என்பதே இதன் பொருள். ஆவணம் போலி என்பது அன்று. அடோபி ரீடரில் திறந்து கையொப்பத்தைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

புலப்படத்தை அச்சிடுவதில் தனிக் கவனம் தேவை. அச்சிடும் கட்டளை தரும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்னும் முறை தேர்வாகியிருந்தால் படம் சுருங்கியோ விரிந்தோ அச்சாகும். அப்படத்தின் மீது அளவுகோல் வைத்து வரப்பின் நீளத்தைக் கணக்கிட்டால் தவறு நேரும். 'உண்மை அளவு' என்னும் முறையில் அச்சிட வேண்டும். எந்நிலையிலும் படத்தில் கோடுகளின் அருகே எழுதப்பட்டுள்ள எண்களையே நம்ப வேண்டும்.

கையேட்டைப் படிக்கும் முறை

தமிழ்நாடு அரசின் வேளாண்மைத் துறையும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இணைந்து வெளியிட்ட பயிர் உற்பத்திக் கையேட்டின் 2020ஆம் ஆண்டுப் பதிப்பு ஆங்கிலத்தில் மின் ஆவணமாகக் கிடைக்கிறது. இத்தகைய பெரிய நூலில் வேண்டிய பக்கத்தைக் கண்டுபிடிக்க, 'கண்ட்ரோல்' விசையுடன் 'எப்' விசையைத் தட்ட வேண்டும். ஒரு சிறு கட்டம் தோன்றும். அதில் பயிரின் பெயரையோ பூச்சியின் பெயரையோ தட்டினால் அச்சொல் வரும் இடங்கள் ஒவ்வொன்றாகத் தெரியும்.

சில தமிழ்க் கோப்புகளில் இவ்வாறு தேடினால் ஒன்றும் கிடைப்பதில்லை. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. பக்கத்தைப் படமாக எடுத்துக் கோப்பாக்கியிருந்தால் கணிப்பொறிக்கு அதில் எழுத்தே தெரியாது. பழைய எழுத்துரு முறையில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தாலும் தேடல் பலிக்காது. தமிழக அரசு 2010ஆம் ஆண்டில் யூனிகோடு முறையை ஏற்ற பின்னரும் பழைய முறைக் கோப்புகள் பல புழக்கத்தில் உள்ளன. இத்தகைய கோப்புகளில் பொருளடக்கத்தைப் பார்த்துப் பக்கத்துக்குச் செல்வதே வழி. அட்டையும் முன்னுரையும் சேர்த்து எண்ணப்படுவதால், திரையில் காட்டும் பக்க எண்ணும் தாளில் அச்சிட்ட பக்க எண்ணும் வேறுபடலாம். சில பக்கங்கள் தள்ளிப் பார்க்க வேண்டும்.

மிக முக்கியமானது அட்டவணையைப் படிக்கும் முறை. எழுத்து சிறிதாக இருக்கிறதென்று பெரிதாக்கிப் பார்க்கும்போது அட்டவணையின் தலைப்பு வரிசை திரையை விட்டு மேலே மறைந்துவிடும். எண்கள் மட்டும் கண்ணில் படும். அவை எக்டருக்கா, ஏக்கருக்கா என்பது தெரியாமல் போகும். ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

சான்றாக, மத்திய, நீண்ட கால நெல் இரகங்களுக்கு எக்டருக்கு 150 கிலோ தழைச்சத்து, 50 கிலோ மணிச்சத்து, 50 கிலோ சாம்பல்சத்து என்பது பொதுப் பரிந்துரை. ஏக்கருக்கு இது முறையே 60, 20, 20 கிலோ ஆகும். 60 கிலோ தழைச்சத்தை முழுவதும் யூரியாவாக இடுவதானால் ஏறத்தாழ 130 கிலோ தேவை. தலைப்பைப் பாராமல் 150 என்பதை ஏக்கர் கணக்காகக் கொண்டால் யூரியா 326 கிலோ ஆகிவிடும். இரண்டரை மடங்கு உரச்செலவு ஒருபுறமிருக்க, பயிர் கரும்பச்சையாகத் தழைத்துச் சாயும். குலைநோயும் புகையானும் எளிதில் தாக்கும். ஆகவே எந்த எண்ணையும் குறித்துக்கொள்வதற்கு முன் அட்டவணையின் தலைப்புக்கு ஒரு முறை சென்று வருவதை வழக்கமாக்கிக் கொள்ளுங்கள்.

எந்த ஆண்டுப் பதிப்பு?

காகித நூல் பழசானால் பழுப்பேறித் தன் வயதைக் காட்டிவிடும். மின் ஆவணம் பத்தாண்டுகள் ஆனாலும் புத்தம் புதிது போலவே தோன்றும். எனவே முதல் இரு பக்கங்களில் வெளியிட்ட ஆண்டைப் பார்ப்பது கட்டாயம்.

இது மருந்து விஷயத்தில் மிகவும் இன்றியமையாதது. எண்டோசல்பான் மருந்தின் உற்பத்தி, விற்பனை, பயன்பாடு ஆகியவற்றை உச்ச நீதிமன்றம் 2011ஆம் ஆண்டு மே மாதத்தில் தடை செய்தது. டைகோபால், மெத்தோமில் ஆகிய மருந்துகள் ஒன்றிய அரசின் 2023ஆம் ஆண்டு ஆணையால் தடை செய்யப்பட்டன. அதற்கு முன் வெளியான கோப்புகளில் இம்மருந்துகள் பரிந்துரையாகவே இன்றும் நிற்கின்றன. கோப்பு தானாகத் திருந்துவதில்லை. பழைய கோப்பில் உழவு, இடைவெளி, நீர் மேலாண்மை போன்ற செய்திகளைப் படித்துப் பயன் கொள்ளலாம். மருந்தின் பெயரையும் அளவையும் மட்டும் புதிய பதிப்புடனோ, வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ ஒத்துப் பார்த்தபின்பே பின்பற்ற வேண்டும். உழவர் அழைப்பு மையத்தின் 1800 180 1551 என்னும் எண்ணிலும் கட்டணமின்றிக் கேட்டறியலாம்.

பிறர் கணிப்பொறியில் செய்ய வேண்டியவை

கடைக் கணிப்பொறியிலோ, இ-சேவை மையத்திலோ ஆவணம் இறக்கினால் அதன் ஒரு படி அங்கேயே தங்கிவிடும். ஆதார், வங்கிப் புத்தகம், பட்டா ஆகியவை பிறர் கையில் இருப்பது நன்றன்று. அச்சிட்ட பிறகு, கோப்பைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, 'டவுன்லோட்ஸ்' அறையிலிருந்து நீக்குமாறு கேளுங்கள். நீக்கிய கோப்பு குப்பைத் தொட்டி என்னும் அறையில் கிடக்கும். அதையும் காலி செய்யச் சொல்லுங்கள். அச்சிடுவதற்காக உங்கள் வாட்ஸ்அப்பைக் கடைக் கணிப்பொறியில் திறந்திருந்தால் எழுந்திருக்கும் முன் அதிலிருந்து வெளியேற மறவாதீர்கள். இப்படிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

ஏமாற்றுக் கோப்புகள்

பி.எம். கிசான் தவணை, மானியம், கடன் தள்ளுபடி என்ற பெயர்களில் வாட்ஸ்அப் வழியாகச் சில கோப்புகள் வருகின்றன. கோப்பின் பெயர் 'பி.டி.எப்.' என்று முடியாமல் 'ஏ.பி.கே.' என்று முடிந்தால் அது படிக்கும் ஆவணம் அன்று. கைபேசிக்குள் புகுந்து வேலை செய்யும் நிரல் ஆகும். கணிப்பொறியில் 'ஈ.எக்ஸ்.ஈ.' என்று முடிவதும் இவ்வகைதான். தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் திறக்கக் கூடாது. ஏனெனில் அவருடைய கைபேசியே பிறர் வசப்பட்டிருக்கலாம். தப்பித்தவறித் திறந்து பணம் பறிபோனால் காலந்தாழ்த்தாமல் வங்கிக்குத் தெரிவித்து, 1930 என்னும் எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

நினைவில் நிறுத்த வேண்டியவை

1. முகவரியின் முடிவைப் பார்த்து உரிய தளத்திலிருந்தே ஆவணம் எடுக்கவும்.
2. திரையில் பார்த்ததுடன் நில்லாது இறக்கி வைக்கவும்.
3. ஆவணப் பெயர், சர்வே எண், தேதி ஆகியவற்றைக் கோப்பின் பெயராக இடவும்.
4. பெயர், உட்பிரிவு, பரப்பு ஆகியவற்றை உடனே சரிபார்க்கவும்.
5. அட்டவணையில் எக்டரா, ஏக்கரா என்று கண்டபின்பே அளவைக் குறிக்கவும்.
6. வெளியிட்ட ஆண்டைப் பாராமல் மருந்துப் பரிந்துரையைப் பின்பற்ற வேண்டாம்.
7. பிறர் கணிப்பொறியில் உங்கள் கோப்பை விட்டுவர வேண்டாம்.

பட்டாவில் பிழை இருந்தால் அதைத் திருத்துவதற்கு நாள் பிடிக்கும். கடைசி நாள் நெருங்கும்போது தளங்களிலும் மையங்களிலும் கூட்டம் மிகும். ஆகவே நாற்றங்கால் விடுவதற்கு முன், வேலை குறைந்த ஒரு நாளில், உங்கள் வீட்டில் படிக்கும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, பட்டாவை ஒரு முறை நீங்களே எடுத்துப் பாருங்கள். மவுஸ் உங்கள் கையிலேயே இருக்கட்டும். ஒரு முறை செய்து பழகிவிட்டால் அடுத்த பருவத்தில் யாருடைய துணையும் வேண்டியிராது.